நேரம் எழுதாத ஒரு பக்கம்

ஆதம்பாக்கம்
தை 13, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் பறவை சார் இறந்துபோன செய்தியைப் போனில் சொன்னபோது நீ ஒன்றுமே பேசவில்லை. அங்கே உங்களுக்கு நடு ராத்திரி, விடிந்தால் வேலை. "சரி, தூங்கு, அப்புறம் பேசலாம்" என்று நானும் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாலைந்து முறை பேசிவிட்டோம். பனி எவ்வளவு விழுந்தது, ஹீட்டர் சரியானதா என்றெல்லாம் கேட்டேன். சாரைப் பற்றி நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வாயில் வராததை எழுதிப் பார்க்கிறேன். உன்னிடம் கேட்க வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பாவும் நானும் மயிலாப்பூர் போயிருந்தோம். மொட்டை மாடியில் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்தார்கள். அவர் மகன் "கா, கா" என்று கூப்பிட்டார். முதலில் ஒன்று தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. எல்லோரும் கை கூப்பி நின்றார்கள். நானும் நின்றேன். ஆனால் மனசு தானாக எண்ணிக்கொண்டிருந்தது. கழுத்து சாம்பலாக இருக்கிற வீட்டுக் காகம் ஏழு, உடம்பெல்லாம் கறுத்த அண்டங்காக்கை ஒன்று. மணி 11.20. கைப்பையில் பென்சிலும் சின்ன நோட்டும் இருந்தன. இந்த நேரத்தில் எழுதலாமா என்று தயங்கினேன். அப்புறம் எழுதினேன். அவருக்குச் செய்ய அதைவிட நல்ல மரியாதை எனக்குத் தெரியவில்லை.

நாம் அவரிடம் போய்ச் சேர்ந்தது 2006 ஜூனில். நீ ஆறாம் வகுப்பில் சேர்ந்த மாதம். அடையாறில் ஒரு நூலகப் பலகையில் கையால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. ஞாயிறு காலை பறவை பார்க்க வரலாம், கட்டணம் இல்லை, பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். அதைப் படித்துவிட்டு நீ ஒரு வாரம் என்னை விடவில்லை. பதினொரு வயசுப் பெண்ணை முன்பின் தெரியாதவரோடு விடியற்காலையில் எப்படி அனுப்புவது? நானும் கூட வந்தேன். நான் வந்தது காவலுக்குத்தான். ஒரு பிளாஸ்க் காபி, ஒரு வாரப் பத்திரிகை. எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

உடைந்த பாலத்துப் பக்கம், ஆறு கடலில் கலக்கிற இடம். சார் உன்னிடம் பேர் கேட்டார், எந்த வகுப்பு என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, "அம்மா, உங்க கையெழுத்து நல்லா இருக்குமா?" என்றார். சுமாராக இருக்கும் என்றேன். "பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. எழுதத்தான் ஆள் இல்லை. குனிஞ்சு எழுதினா அதுக்குள்ள பறவை போயிடுது" என்று ஒரு நீள நோட்டையும் பென்சிலையும் என் கையில் கொடுத்தார். பேனா கூடாதாம், தூறல் விழுந்தால் மை கரைந்துவிடுமாம். பத்திரிகை பையை விட்டு வெளியே வரவே இல்லை. அன்றைக்கு வாங்கிய பென்சிலைப் பதினெட்டு வருஷமாக நான் கீழே வைக்கவில்லை.

அவர் வங்கியில் காசாளராக இருந்தவர் என்று உனக்குத் தெரியும். அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். பறவை கற்றது எல்லாம் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டிக் கூட்டங்களிலும் அவர்களோடு போன ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் என்பார். 1978ல் அது தொடங்கிய காலத்து ஆட்களோடு பழகியவர். ஆனால் எண்ணக் கற்றது கவுன்டருக்குப் பின்னால். சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் எழுந்திருக்க முடியாத வேலை. பத்து ரூபாய் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பழக்கம் அப்படியே பறவை பார்க்கிற கழுவெளிச் சதுப்புக்கும் வந்தது.

திருக்கழுக்குன்றம் பேச்சு வந்த அன்று நீ பக்கத்தில் இருந்தாயா என்று ஞாபகம் இல்லை. நண்டு துரத்திக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். நான்தான் கேட்டேன். "காக்கையைக் கூடவா சார் எண்ணணும்? ஊர் பூரா அதுதானே?" அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "நீங்க பிணந்தின்னிக் கழுகு பார்த்திருக்கீங்களா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். சின்ன வயசில் என் பாட்டி திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப் போனாள். அத்தனை படியும் ஏறி, உச்சிவேளையில் பாறையில் காத்திருந்தோம். சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். இரண்டு கழுகுகள் வந்து இறங்கின. உடம்பு அழுக்கு வெள்ளை, முகம் மட்டும் மஞ்சள் பூசின மாதிரி. காசியிலே குளித்துவிட்டு ராமேஸ்வரம் போகிற வழியில் இங்கே சாப்பிட இறங்குகின்றன என்று பாட்டி சொன்னாள். இதை நான் ரொம்ப ஆசையாகச் சொன்னேன். சார் உடனே நோட்டைத் திறந்தார்.

"எந்த வருஷம்?"

"எட்டு, ஒன்பது வயசு இருக்கும் சார்."

"மாசம்?"

தெரியவில்லை.

"ரெண்டும் ஒரே நிறமா? ஒண்ணு கறுப்பு கலந்து இருந்ததா? இளசுன்னா அப்படி இருக்கும்."

அதுவும் தெரியவில்லை. நோட்டை மூடிவிட்டார். கோபமில்லை, முகம்தான் வாடிப்போயிற்று. "இப்ப அங்கே கழுகு வர்றதில்லைம்மா. பார்த்து கும்பிட்டவங்க எத்தனை ஆயிரம் பேர். தேதி போட்டு எழுதி வச்சவங்க எத்தனை பேர் இருப்பாங்க?" என்றார்.

அப்புறம் உடைந்த பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து எனக்கு ஒரு பாடமே எடுத்தார். 1980களில் இந்தியா முழுக்கப் பாறு என்கிற இந்தப் பிணந்தின்னிக் கழுகுகள் எங்கும் இருந்தன, அதனாலேயே அநேகமாக யாரும் அவற்றை எண்ணவில்லை. செத்த மாட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், யார் மெனக்கெட்டு எண்ணுவார்கள்? 1990களில் அவை மளமளவென்று சாய்ந்தன. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் எண்ணி வைத்திருந்ததால்தான் இத்தனை இருந்தது, இத்தனையாகிவிட்டது என்று சொல்ல முடிந்தது. காரணம் தெரிய 2004 ஆயிற்று. மாட்டுக்கு வலிக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் ஊசி. அந்த மாடு செத்து, கழுகு அதைத் தின்றால், கழுகின் சிறுநீரகம் போய்விடும். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே 2006ல்தான் மாட்டுக்கு அந்த மருந்தைக் கொடுக்க அரசு தடை போட்டது. 1992ல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் 2007ல் ஒன்றுதான் மிஞ்சியது என்று பின்னால் கணக்கு வந்தது. நம் பக்கம் இப்போது பாறுகளைப் பார்க்க முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்கு வரை போக வேண்டும்.

"இப்ப காக்கையை எண்ணலாமா?" என்று கேட்டார். அன்றைய பட்டியலில் முதல் வரி காகம் 41. என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் பட்டியல் எப்போதும் காகத்தில்தான் தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அபூர்வமான பறவை எங்கே இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவர் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் முன்னால் பத்து நிமிஷம் நிற்பார். ஏழா, எட்டா, ஒன்று புதருக்குள் இருக்கிறதே என்று. எனக்கும் முதலில் பொறுமை போயிருக்கிறது. இப்போது சொல்கிறேன், அந்தப் பத்து நிமிஷங்களில்தான் நான் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு வருகிறேன். 2007 ஜனவரி. ஒவ்வொரு ஜனவரியும் ஆசியா முழுக்க நீர்ப்பறவைகளை எண்ணுகிற வழக்கம் 1987லிருந்து இருக்கிறது. அந்தக் கணக்குக்காகத்தான் போனோம். வேளச்சேரி–தாம்பரம் சாலை ஓரம் நின்றோம். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகை, மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டாய். இன்னொரு பக்கம் தண்ணீர் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அது கோடு இல்லை, பூநாரைகள் என்று தெரிந்ததும் நீ என் கையைக் கிள்ளிவிட்டாய். தண்ணீர் வற்றி முழங்கால் ஆழமானால்தான் அவை வரும், அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை அரித்துத் தின்னும் என்று சார் சொன்னார்.

நான் "ஆயிரம் இருக்கும் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, முதலில் பத்து எண்ணுங்கள் என்றார். எண்ணினேன். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கட்டைவிரலை நீட்டி அளக்கச் சொன்னார். அதே கட்டைவிரலைக் கூட்டத்தின் மேல் ஒவ்வொரு தடவையாக நகர்த்தி வைத்துக்கொண்டே போகச் சொன்னார். நோட்டுக் கட்டு எண்ணுகிற மாதிரிதான். மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினோம். என் ஆயிரம் முந்நூறு சொச்சமாக இறங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. "எல்லாருக்கும் அழகா இருக்கிறது அதிகமாத்தான் தெரியும்" என்றார்.

அதே நாள்தான் நீ செங்கால் நாரை என்று எழுதினாய். பாடத்தில் படித்த பறவை. அதைப் பார்க்க வேண்டும் என்று அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். நோட்டை என்னிடமிருந்து பிடுங்கி, உன் கையாலேயே "செங்கால் நாரை 1" என்று எழுதிவிட்டாய். சார் "அப்படியா!" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார். அப்புறம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கால் என்ன சிவப்பு, செம்பருத்தியா, வெந்த இறால் மாதிரியா? அலகும் அதே சிவப்பா? அலகை மூடும்போது நடுவில் சந்து தெரிந்ததா? என்ன தின்றது? நீ யோசித்து யோசித்துப் பதில் சொன்னாய். சந்து இருந்தது என்று சொன்னபோதே உன் குரல் இறங்கிவிட்டது. நத்தை தின்றது என்று நீயே சொன்னாய். அது நத்தைக்குத்தி நாரை.

நீ ரப்பரை எடுத்தாய். அவர் உன் கையைத் தடுத்தார். "அழிக்காதே கண்ணு. மேல ஒரு கோடு போடு. பக்கத்தில உன் இனிஷியல் போடு. கீழே சரியானதை எழுது. லெட்ஜர்ல அப்படித்தான். நீ முதல்ல என்ன நினைச்சே, பின்னால ஏன் மாத்தினே, ரெண்டுமே தெரியணும்." நீ கோடு போட்டாய். ஆட்டோவில் வீடு வரும்வரை அழுதாய். நான் அன்றைக்கு உன்னைச் சமாதானம் செய்வதற்காக, "அவருக்கு என்ன தெரியும், நீ பார்த்தது செங்கால் நாரையாகவே இருக்கட்டும்" என்று சொன்னேன். அதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன். நீ அதை ஏற்கவில்லை. "இல்லம்மா, சந்து இருந்தது" என்றாய்.

அந்த வருஷமே கழுவெளியில் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022ல் உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். நடுவில் எத்தனை கூட்டங்கள். ஒரு கூட்டத்தில் மேடையில் இருந்த ஒருவர், "அது வெறும் சேற்று நிலம், அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார். சார் எழுந்து ஒரு நோட்டைத் திறந்து, தேதி, மணி, பறவை, எண்ணிக்கை என்று வாசிக்க ஆரம்பித்தார். இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் உட்காரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கு வரவில்லை. படியிறங்கும்போது, நான் எழுதிய ஒரு தேதியில் கிழமை தப்பாக இருக்கிறது, வீட்டில் போய்ப் பாருங்கள் என்றார். பார்த்தேன், தப்பாகத்தான் இருந்தது.

நீ கல்லூரிக்குப் போன பிறகுதான் போனில் பட்டியல் போடுகிற காலம் வந்தது. இ-பேர்டு. 2015ல் பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணலாம் என்று முதன்முதலாகக் கணக்கெடுப்பு தொடங்கியபோது சாருக்கு அறுபத்தெட்டு வயசு. ஒரு கல்லூரிப் பையன் அவருக்குப் போனில் கற்றுக்கொடுத்தான். பட்டியலை முடிக்கும்போது, உனக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டாயா என்று அது ஒரு கேள்வி கேட்கும். அதைப் பார்த்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவர் திருப்பிச் சொன்ன மாதிரி. எல்லாவற்றையும் எழுதியிருந்தால்தான், பட்டியலில் இல்லாதது அங்கே தென்படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். அபூர்வமானதை மட்டும் எழுதினால், காகம் இருந்ததா இல்லையா என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது.

2020ல் அப்படிச் சேர்ந்த பட்டியல்களை வைத்து இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, ஆனால் சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருகிறது என்று அதில் இருந்தது. செல்போன் டவர்தான் காரணம் என்று ஊரே பேசியபோது, "எனக்குத் தெரியாதும்மா, ஆதாரம் பார்க்கலை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை, கூடு கட்ட இடமும் குஞ்சுக்குப் பூச்சியும் குறைந்ததைத்தான் பார்க்க வேண்டும் என்கிற மாதிரித்தான் அறிக்கையும் சொன்னது. நான் சொன்னது சரியாயிற்று என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. நான்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

நீ போன பிறகு நடந்த ஒன்றை உனக்குச் சொன்னேனா? 2018 அக்டோபர். நம் மாடிப்படி வளைவில் ஒரு பறவை ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. கட்டை வால், பச்சை முதுகு, வால் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணில் மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை. வெளியே ஜன்னல் கம்பியில் மூன்று காக்கைகள் காத்திருந்தன. ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும்போது, ராத்திரி பறந்து களைத்து, விடியும்போது சென்னை வீடுகளில் இப்படி விழும். நான் பதறிப்போய் சாருக்குப் போன் பண்ணினேன். அவர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு வந்தது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. 6.50 என்றேன். அப்புறம்தான் சொன்னார்: அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே துணி விரித்து, இருட்டான அறையில் வை, யாரும் எட்டிப் பார்க்காதே, பாலோ சோறோ கொடுக்காதே, காக்கை அடங்கிய பிறகு திறந்துவிடு. அப்பா அன்று முழுக்கக் குக்கர் விசில்கூட வரக்கூடாது என்று சமையலறையில் காவல் இருந்தார். சாயங்காலம் பெட்டியைப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் வைத்துத் திறந்தோம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் சருகுக்குள் இரண்டு தத்து தத்தி, மதில் மேல் ஏறி, போய்விட்டது. மணி 5.55. சாருக்குச் சொன்னேன். "நல்லது, எழுதிட்டீங்களா?" என்றார்.

கொரோனா சமயத்தில் வெளியே போக முடியாமல் அவர் தவித்துப்போவார் என்று பயந்தேன். அவர் தவிக்கவில்லை. தினமும் காலை 6.30க்கு அவர் மயிலாப்பூர் மாடியில், நான் ஆதம்பாக்கம் மாடியில், கால் மணி நேரம். 6.45க்குப் போன். "குக்குறுவான் உண்டா?" "உண்டு சார், கூப்பிடுது, ஆள் தெரியலை." "தேன்சிட்டு?" "ரெண்டு." "எனக்கு இல்லை" என்பார். ஒரு வாரம், இரண்டு வாரம், தேன்சிட்டு அவருக்கு இல்லவே இல்லை. அவர் வீட்டு மாடியில் முருங்கை பூத்துக் கிடக்கிறது, எப்படி இல்லாமல் போகும்? மூன்றாவது வாரம் அவரே சொன்னார். "மேல் ஸ்தாயி எனக்குக் கேட்கலைம்மா. பறவை இல்லைன்னு நினைச்சேன். காதுதான் இல்லை."

அதுவரை அனுப்பியிருந்த ஒவ்வொரு பட்டியலையும் திறந்து, காது மந்தமாகிவிட்டது, மெல்லிய ஒலிகள் விட்டுப்போயிருக்கலாம் என்று குறிப்பு எழுதினார். பேரன் அதற்காக ஒரு முழு ஞாயிறு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எழுபது வயசு தாண்டி, யாரும் கேட்காத ஒரு குறையைத் தானே எழுதிவைக்கிற மனுஷரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அதன் பிறகு வெளியே போனபோதெல்லாம் நான் அவர் வலப்பக்கம் நின்று, கேட்கிறதைச் சொன்னேன். தையல்சிட்டு, இடப்பக்கம், வேலிக்குள்ளே. மாம்பழச்சிட்டு, மேலே. அவர் தலையாட்டிவிட்டு, "நீங்க கேட்டதுன்னு போடுங்க. நான் கேட்டதா போடாதீங்க" என்பார்.

கடைசியாக நவம்பரில் போனோம். இருநூறு அடி சாலை ஓரம், காரிலேயே உட்கார்ந்தபடி. நல்ல மழை பெய்து கழுவெளி ததும்பிக் கிடந்தது. பூநாரை இல்லை. நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான், தந்திக்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள். கை நடுங்கியதால் பைனாகுலரைக் கார்க் கதவில் சாய்த்து வைத்துக்கொண்டார். உன்னைப் பற்றிக் கேட்டார். டொரண்டோவில் என்ன எண்ணுகிறாள் என்றார். வேலை அதிகம் சார், இப்போதெல்லாம் எண்ணுவதில்லை என்றேன். உண்மைதானே, நீதான் சொன்னாய். "பரவாயில்லை, ஜன்னல் இருக்குமில்ல" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இனி கேட்க வேண்டியது. காரியம் முடிந்து கிளம்பும்போது சார் வீட்டம்மா ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டினார்கள். 34 நீள நோட்டுகள். உங்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னார், பழையதையெல்லாம் ஏற்றிவிடுவீர்கள் என்றார் என்று சொன்னார்கள். பழைய பட்டியல்களையும் தேதி, இடம் போட்டு இ-பேர்டில் சேர்க்கலாம் அல்லவா, அதைத்தான் சொல்லியிருக்கிறார். அப்பாவும் நானும் ஆட்டோவில் கால் வைக்க இடமில்லாமல் கொண்டுவந்தோம்.

முதல் நோட்டு 1971. முதல் பக்கம், மயிலாப்பூர், அவர் வீட்டு மாடி. காகம் 12. மைனா 4. கரும்பருந்து 2. குருவி என்று எழுதி, பக்கத்தில் "நிறைய" என்று இருக்கிறது. அந்த "நிறைய" மேல் ஒரு கோடு, அவர் இனிஷியல். கோடு போட்ட மை வேறு, ரொம்ப வருஷம் கழித்துப் போட்டிருக்கிறார். கீழே எழுதியிருந்தது: "எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம்." நான் அந்தப் பக்கத்தோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் பாப்பா. அப்பா வந்து லைட் போட்ட பிறகுதான் இருட்டிவிட்டது என்று தெரிந்தது. என்னிடம் திருக்கழுக்குன்றத்துக் கழுகுக்கு வருஷம் கேட்டபோது அவர் முகம் ஏன் அப்படி வாடியது என்று இப்போதுதான் புரிந்தது.

தினம் இரண்டு பக்கம் என்று ஏற்றிக்கொண்டு வருகிறேன். நம் காலத்து நோட்டுகளிலிருந்து தொடங்கினேன், கையெழுத்து என்னுடையது என்பதால் வேகமாகப் போகிறது. 2007 ஜனவரி 21ல் நின்றுவிட்டேன். பள்ளிக்கரணை. பக்கம் முழுக்க நான் எழுதியது, கீழே உன் எழுத்து. "செங்கால் நாரை 1", அதன் மேல் கோடு, உன் இனிஷியல், பென்சில் அழுத்திய அழுத்தத்தில் தாள் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அடுத்த வரி நத்தைக்குத்தி நாரை 1. எல்லாம் இருக்கிறது, தொடங்கிய நேரம் மட்டும் இல்லை. முடிந்த நேரம் 8.40 என்று சார் எழுத்தில் இருக்கிறது. தொடங்கியதை எழுத வேண்டியது நான். பூநாரையைப் பார்த்த பரவசத்தில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

நேரம் இல்லாமலும் ஏற்ற வழி உண்டு. ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரிந்தால் அந்தக் கணக்குக்கு மதிப்பு கூடும். நன்றாக யோசித்துப் பார். அன்று முதல் பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவில் போனோம், அது எனக்கு நிச்சயம். போய் இறங்கியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்ததா? சூரியன் குப்பைமேட்டுக்கு மேலே வந்துவிட்டதா, புகைக்குள்ளே இருந்ததா? உன் கையில் அப்போது அத்தை வாங்கிக் கொடுத்த வாட்ச் இருந்தது. நீ அடிக்கடி மணி பார்த்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க நாலு நாள் எண்ணுவார்கள். உங்கள் ஊரிலும் எண்ணுவார்கள். முடிந்தால் பார். முடியாவிட்டால் பரவாயில்லை, அதற்காக இதை எழுதவில்லை.

அந்த நேரம் மட்டும் ஞாபகம் இருந்தால் எழுது. ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்று எழுது, அப்படியே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா